கோடுகள் பேசும் மொழி: பொறியியல் வரைபடம் கல்லூரிப் பாடமான வரலாறு



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த பின்னர், பெற்றோர் பலர் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று: "மகன் இயந்திரப் பொறியியல் படிக்க விரும்புகிறான். முதலாம் ஆண்டிலேயே வரைபடம், வரைபடம் என்று உயிரை வாங்குகிறார்களாம். இப்போதுதான் எல்லாவற்றையும் கணினியே வரைந்து விடுகிறதே! மூன்று மாத ஆட்டோகேட் வகுப்புக்கு அனுப்பினால் போதாதா, சார்?"

இது நியாயமான கேள்விதான். கல்விக்குச் செலவிடும் ஒவ்வொரு ரிங்கிட்டும் வியர்வையில் வந்த பணம். ஆதலால், போதும் அல்லது போதாது என்று ஒற்றைச் சொல்லில் விடை கூறுவது முறையாகாது. அந்தப் பாடம் எப்படித் தோன்றியது, எதற்காகக் கல்லூரிக்குள் வந்தது, கருவிகள் மாறியபோது எது மறைந்தது, எது நிலைத்தது என்பனவற்றை அறிந்தால் விடை தானே தெளியும். அந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

தாளுக்குள் அடங்காத பொருள்

ஒரு பொருளுக்கு நீளம், அகலம், உயரம் என மூன்று அளவுகள் உண்டு. தாளுக்கோ இரண்டு அளவுகள்தாம். மூன்றை எப்படி இரண்டுக்குள் அடக்குவது? ஓவியர் தொலைவில் உள்ளதைச் சிறிதாகவும் அருகில் உள்ளதைப் பெரிதாகவும் வரைந்து கண்ணுக்கு மெய்போலக் காட்டுவார். ஆனால் அந்த ஓவியத்தின்மேல் அளவுகோலை வைத்துப் பொருளின் நீளத்தை அளக்க இயலாது. பட்டறையில் வேலை செய்பவருக்கு வேண்டியதோ அளவு.

இதற்குப் பொறியாளர் கண்ட வழி, பொருளை ஒரே படத்தில் காட்டாமல் பல படங்களாகக் காட்டுவது. முன்னிருந்து பார்த்தால் தெரிவது முன்தோற்றம். மேலிருந்து பார்த்தால் தெரிவது மேல்தோற்றம். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவது பக்கத்தோற்றம். ஒவ்வொரு படத்திலும் அளவு மாறாது. மூன்றையும் மனத்தில் ஒன்றுசேர்ப்பவருக்கே பொருள் புலப்படும்.

இது எளிது என்று தோன்றினால், வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மேலிருந்து பார்த்தால் வட்டம், முன்னிருந்து பார்த்தால் சதுரம், பக்கத்திலிருந்து பார்த்தால் முக்கோணம். அப்படி ஒரு பொருள் உண்டா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பெரும்பாலோர் இல்லை என்றே சொல்வர். பின்னர் ஒரு பெரிய கேரட்டை எடுத்து, குறுக்களவும் உயரமும் ஒன்றாக இருக்கும்படி ஓர் உருளைத் துண்டாக நறுக்குங்கள். அதன் மேல்வட்டத்தின் நடுவே ஒரு நேர்க்கோடு கீறுங்கள். அக்கோட்டிலிருந்து இருபுறமும் அடிவிளிம்பு வரை சாய்வாகச் சீவிவிடுங்கள். இப்போது மேலே வட்டம், முன்னே சதுரம், பக்கத்திலே முக்கோணம்! இரண்டு தோற்றங்களை மட்டும் பார்த்தவர் அதை முழு உருளை என்றே எண்ணியிருப்பார். மூன்றாவது தோற்றம் ஏன் வேண்டும் என்பதைக் கல்லூரி விரிவுரையை விட இந்தக் கேரட்டுத் துண்டு நன்றாக விளக்கும்.

சிறு வணிகரின் மகன்

இந்த முறைக்குக் கணித அடித்தளம் அமைத்தவர் பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் கஸ்பார் மோன்ஜ். 1746இல் போன் என்னும் சிற்றூரில் ஒரு சிறு வணிகரின் மகனாகப் பிறந்தவர். இளமையில் தம் ஊரின் வரைபடத்தைத் தாமே அளந்து மிக நேர்த்தியாக வரைந்தார். அதைக் கண்ட படை அதிகாரி ஒருவர், மெசியேர் நகரிலிருந்த அரச இராணுவப் பொறியியல் பள்ளிக்கு அவரைப் பரிந்துரைத்தார்.

ஆனால் அப்பள்ளியில் அதிகாரிகளாகப் பயில்வதற்கு உயர்குடிப் பிறப்பு வேண்டியிருந்தது. மோன்ஜுக்கு அது இல்லை. ஆகவே, வரைவாளர்களும் கைவினைஞர்களும் பயிற்சி பெற்ற கீழ்நிலைப் பிரிவில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே அவருக்கு ஒரு கோட்டை வடிவமைப்புக் கணக்குத் தரப்பட்டது. எதிரியின் பீரங்கி எங்கிருந்து சுட்டாலும் உள்ளே இருப்போர்மேல் படாதவாறு சுவர்களின் உயரத்தைக் கணிக்க வேண்டும். அக்காலத்தில் அது நீண்ட எண்கணக்குகளால் செய்யப்பட்ட வேலை. மோன்ஜ் அதைக் கோடுகளாலேயே, வடிவியல் வழியில், விரைந்து முடித்துவிட்டார். இவ்வளவு குறுகிய நேரத்தில் எவராலும் முடிக்க இயலாது என்று கருதிய மேலதிகாரி, அவருடைய விடையைப் பார்க்கவே முதலில் மறுத்தார் என்று கூறப்படுகிறது. பார்த்த பின்னர் அவரை ஆசிரியப் பணிக்கு எடுத்துக்கொண்டனர்.

அந்த முறையே பின்னாளில் விளக்க வடிவியல் என்று பெயர் பெற்றது. எந்தக் கனப்பொருளையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்களின்மேல் நிழல் விழுவதுபோல விழச் செய்து, அவ்விரு படங்களிலிருந்தே அப்பொருளின் உண்மை நீளங்களையும் கோணங்களையும் வெட்டுமுகங்களையும் கண்டறியும் கலை அது. போர்க்கலையில் அதன் பயன் பெரிதாக இருந்ததால், பல ஆண்டுகள் இராணுவ இரகசியமாகவே வைக்கப்பட்டது. கண்டுபிடித்தவரே அதை வெளியே சொல்ல உரிமையற்றவராய் இருந்தார்.

பிரெஞ்சுப் புரட்சி அந்தப் பூட்டைத் திறந்தது. 1794இல் பாரிசில் எக்கோல் பொலிடெக்னிக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதை உருவாக்கியவர்களுள் மோன்ஜ் முதன்மையானவர். 1795இல் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காக ஏற்பட்ட எக்கோல் நோர்மால் பள்ளியில் அவர் தம் முறையை வெளிப்படையாகப் பாடம் நடத்தினார். அவ்விரிவுரைகள் 1799இல் நூலாயின. சிந்திக்கும் பொறியாளர், வேலையை நடத்தும் மேற்பார்வையாளர், செய்துமுடிக்கும் தொழிலாளி ஆகிய மூவருக்கும் பொதுவான மொழி இது என்பது அவருடைய கருத்து.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரகசியமாக இருந்த அறிவு, ஆசிரியர்களுக்குக் கற்பிக்கப்பட்ட நாளில்தான் பொதுவுடைமை ஆயிற்று. பிறப்பின் காரணமாகக் கீழ்ப்பிரிவில் அமர்த்தப்பட்டவரே அதைக் கற்பித்தார்.

கரும்பலகையும் நீலத்தாளும்

பாரிசிலிருந்து இப்பாடம் கடல் கடந்தது. எக்கோல் பொலிடெக்னிக்கில் பயின்று நெப்போலியனின் படையில் பணியாற்றிய குளோத் குரோசே என்பவர், 1816இல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரிக்கு ஆசிரியராகச் சென்றார். மாணவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆங்கிலத்தில் பாடநூல் இல்லை. தச்சரிடம் சொல்லி ஒரு பலகை செய்வித்து, அதற்குக் கறுப்பு வண்ணம் பூசி, சுண்ணக்கட்டியால் வரைந்து பாடம் நடத்தினார் என்பது வழிவழி வரும் செய்தி. 1821இல் தாமே ஆங்கிலத்தில் ஒரு பாடநூல் எழுதி வெளியிட்டார். பாடநூல் இல்லை என்பதைக் காரணம் காட்டிப் பாடத்தை நிறுத்தாத அந்த ஆசிரியரை நம் ஆசிரியர்கள் நினைவில் கொள்ளலாம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, வரைவுக்கூடம் என்பது தனிப் பிரிவாக வளர்ந்தது. வரைபலகை, டி ஸ்கொயர், மூலைமட்டம், கவராயம், மைப்பேனா ஆகியவை அங்கே ஆட்சி செய்தன. ஒரு படத்திற்குப் பத்துப் படிகள் வேண்டுமென்றால் பத்து முறை கையால் படியெடுக்க வேண்டும். இத்துன்பத்தைத் தீர்த்தது ஒரு வானியல் அறிஞரின் கண்டுபிடிப்பு. 1842இல் ஜான் ஹெர்ஷல் இரும்பு உப்புகள் பூசிய தாளை வெயிலில் காட்டி நீலநிறப் படியெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். ஒளி புகும் தாளில் வரைந்த படத்தை அதன்மேல் வைத்து வெயிலில் காட்டினால், கோடுகள் வெள்ளையாகவும் மற்ற இடம் நீலமாகவும் பதியும். 'புளூபிரிண்ட்' என்று நாம் இன்றும் வழங்கும் சொல் அந்த நீலத்தாளிலிருந்து வந்தது. தாள் மறைந்துவிட்டது, சொல் மறையவில்லை.

படிகள் பெருகியதால் இலக்கணமும் தேவைப்பட்டது. ஒரு நாட்டில் வரைந்ததை மற்றொரு நாட்டில் செய்ய வேண்டுமானால், எந்தக் கோடு எதைக் குறிக்கும் என்பதில் ஒற்றுமை வேண்டுமல்லவா? தெரியும் விளிம்புக்குத் தடித்த கோடு, மறைந்த விளிம்புக்கு விட்டுவிட்டு வரும் கோடு, மைய அச்சுக்கு நீளமும் குறுமையும் மாறிவரும் கோடு என விதிகள் அமைந்தன. பிரிட்டனில் பி.எஸ். 308 என்னும் வரைபடத் தரவிதி 1927இல் வெளிவந்தது. ஆயினும், தோற்றங்களை அடுக்கும் முறையில் இரு மரபுகள் இன்றளவும் உள்ளன. ஐரோப்பிய மரபில் மேல்தோற்றம் முன்தோற்றத்தின் கீழே அமையும். அமெரிக்க, ஜப்பானிய மரபில் மேலே அமையும். மரபு எது என்று பாராமல் படத்தைப் படிப்பவர், இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிச் செய்துவிடுவார். பல நாட்டு நிறுவனங்கள் இயங்கும் நம் நாட்டில் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது இன்றியமையாதது.

ஒளிப்பேனாவில் தொடங்கிய மாற்றம்

1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லண்ட் என்னும் இளைஞர் முனைவர் பட்டத்திற்காக ஒரு மென்பொருளைப் படைத்தளித்தார். அதன் பெயர் ஸ்கெட்ச்பேட். டி.எக்ஸ்-2 என்ற பெருங்கணினியின் திரைமேல் ஒளிப்பேனாவால் தொட்டுக் கோடு வரையலாம். இது மட்டும் என்றால் அது வியப்பூட்டும் விளையாட்டாகவே இருந்திருக்கும். "இவ்விரு கோடுகளும் இணையாக இருக்கட்டும்", "இவை சம நீளம் கொள்ளட்டும்" என்று கட்டளையிட்டால், கோணலாக வரைந்த படம் தானே திருந்திக்கொண்டது. ஒரு மூலப்படத்தை வரைந்து அதைப் பல இடங்களில் பயன்படுத்திய பின், மூலத்தை மாற்றினால் எல்லா இடங்களிலும் மாற்றம் நிகழ்ந்தது. கோட்டுக்குள் இருக்கும் உறவைக் கணினி நினைவில் கொள்ளத் தொடங்கியது அங்கேதான்.

அதே காலத்தில் பிரான்சின் கார் நிறுவனங்களில் வேறொரு சிக்கல் இருந்தது. காரின் வளைந்த உடலை நேர்க்கோடும் வட்டமும் கொண்டு துல்லியமாகக் குறிக்க இயலவில்லை. சிட்ரோவன் நிறுவனத்தின் பால் தெ காஸ்தல்ஜோவும் ரெனோ நிறுவனத்தின் பியேர் பெசியேவும் தனித்தனியே வளைவுகளுக்கான கணித முறையைக் கண்டனர். இன்று கணினியில் நாம் காணும் தமிழ் எழுத்துருவின் வளைவுகளும் அவ்வகைக் கணிதத்தால் ஆனவையே.

தொடக்கத்தில் இவையெல்லாம் பெருநிறுவனங்களுக்கே எட்டின. 1982இல் ஜான் வாக்கரும் நண்பர்களும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கி, அவ்வாண்டு இறுதியில் ஆட்டோகேட் மென்பொருளை வெளியிட்டனர். அது மேசைக் கணினியில் இயங்கியது. சிறு பட்டறைகளும் கல்லூரிகளும் வாங்கக்கூடியதாக இருந்தது. எனினும் அது பெரிதும் மின்னணு வரைபலகையாகவே இருந்தது. கோடுகளை விரைவாக வரையும், திருத்தும், அவ்வளவே. 1985இல் சாமுவேல் கைஸ்பர்க் நிறுவிய நிறுவனம் உருவாக்கிய புரோ எஞ்சினியர், 1995இல் வெளிவந்த சாலிட்வொர்க்ஸ் போன்றவை அடுத்த படிக்குச் சென்றன. இவற்றில் முதலில் படைப்பது கனப்பொருளை. ஒரு துளையின் அளவை மாற்றினால் பொருளும், அதன் மூன்று தோற்றங்களும், பாகங்களின் பட்டியலும் சேர்ந்தே மாறும். 1994 ஜூன் 12ஆம் நாள் முதன்முதலாகப் பறந்த போயிங் 777 விமானம் இவ்வாறு முழுவதும் கணினியில் முப்பரிமாணமாக வடிவமைக்கப்பட்டது.

கணினி அறியாதவை

அப்படியானால் பெற்றோரின் ஐயம் சரிதானே? மூன்று தோற்றங்களையும் கணினியே வரைந்து தருகிறதே! கணினி வரைவது உண்மை. வரைந்ததற்குப் பொறுப்பேற்பது யார் என்பதே கேள்வி. இதற்கு இரு நிகழ்ச்சிகளைக் காண்போம்.

முதலாவது, கணினிக் காலத்துக்குச் சற்று முந்தையது. 1981 ஜூலை 17ஆம் நாள் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி நகரில் ஹயாத் ரீஜன்சி விடுதியின் தொங்குநடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் மாண்டனர். கூரையிலிருந்து வரும் நீண்ட கம்பிகள் மேல்பாதை, கீழ்பாதை இரண்டையும் தாங்குவதே முதல் வடிவமைப்பு. பின்னர், வேலையை எளிதாக்குவதற்காகக் கம்பி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கூரையிலிருந்து மேல்பாதைக்கு ஒரு கம்பி. மேல்பாதையிலிருந்து கீழ்பாதைக்கு மற்றொன்று. தாளில் பார்த்தால் மிகச் சிறிய மாற்றம். ஒரே கயிற்றைப் பிடித்து இருவர் தொங்குவதற்கும், ஒருவர் கயிற்றைப் பிடிக்க மற்றவர் அவருடைய காலைப் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வேறுபாடு அது. மேல்பாதையின் இணைப்பு இரு மடங்கு சுமையைத் தாங்க நேர்ந்தது. அந்தப் படம் பொறியாளரின் முத்திரையோடு வெளிச்சென்றது. கோடுகள் யாவும் நேராகத்தான் இருந்தன. அவை என்ன சொல்கின்றன என்பதை எவரும் படிக்கவில்லை.

இரண்டாவது, முற்றிலும் கணினிக் காலத்தது. ஏர்பஸ் ஏ380 விமானம் ஒவ்வொன்றிலும் 500 கிலோமீட்டருக்கும் மேலான மின்கம்பிகள் உள்ளன. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரப் பொறியாளர்களும் பிரான்சின் துலூஸ் நகரப் பொறியாளர்களும் ஒரே மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தினர். ஹம்பர்க்கிலிருந்து வந்த கம்பிக்கட்டுகள் துலூசில் பொருந்தவில்லை. 2006இல் காலத்தாழ்வு மேல் காலத்தாழ்வு அறிவிக்கப்பட்டது. நம் அண்டை நாடான சிங்கப்பூரின் விமான நிறுவனம் எதிர்பார்த்திருந்த முதல் ஏ380 விமானம், 2007 அக்டோபரில்தான் அதன் கைக்கு வந்தது.

பெரிய விபத்துகளை விடுத்து, மாணவர் செய்யும் ஒரு சிறு பயிற்சியைப் பார்ப்போம். 25 மில்லிமீட்டர் துளையில் 25 மில்லிமீட்டர் தண்டு சுழல வேண்டும். இரண்டுக்கும் 25 என்றே எழுதினால் போதுமா? எந்த இயந்திரமும் மிகச் சரியாக 25 என்று வெட்டாது. எனவே எவ்வளவு விலகல் ஏற்கத்தக்கது என்பதையும் குறிக்க வேண்டும். பொதுவான ஒரு தரவிதிப்படி துளை 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம், தண்டு 24.980 முதல் 24.993 வரை இருக்கலாம். அப்போதுதான் இரண்டுக்கும் இடையே எண்ணெய்ப் படலத்திற்குச் சிறிது இடம் இருக்கும். துளைக்குத் தரப்பட்ட அந்த விலகல் ஒரு தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு. விலகலை மேலும் குறைத்து எழுதினால் செலவு பன்மடங்காகும். கூட்டி எழுதினால் தண்டு ஆட்டங்காணும். மென்பொருளில் எந்த எண்ணையும் தட்டச்சு செய்யலாம். எந்த எண் வேண்டும் என்பதை, அந்தத் தண்டு என்ன வேலை செய்யப் போகிறது என்று அறிந்தவரே முடிவு செய்ய இயலும். இயந்திர வடிவமைப்புப் பாடம் கற்பிப்பது இதைத்தான்.

நாம் செய்யக்கூடியவை

நம் நாட்டின் முதல் பொலிடெக்னிக் 1969இல் ஈப்போவில் உங்கு ஓமார் பெயரில் நிறுவப்பட்டது. இன்று பல மாநிலங்களிலும் பொலிடெக்னிக்குகள் உள்ளன. இடைநிலைப் பள்ளிகளில் 'லுகிசான் கெஜுருத்தெரான்' என்று பல்லாண்டு வழங்கிய பொறியியல் வரைபடப் பாடம், 'கிராபிக் கொமுனிகாசி தெக்னிக்கல்' என்னும் புதிய பெயரோடு தொடர்கிறது. நம் தமிழ்ப்பள்ளிகளிலோ வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் தமிழிலேயே கற்பிக்கப்படுகிறது. ஆகவே, இந்த மொழியின் அரிச்சுவடி நம் வகுப்பறையிலேயே தொடங்குகிறது.

பெற்றோர்க்குச் சில வேண்டுகோள்கள். ஒரு கல்லூரியையோ பயிற்சி வகுப்பையோ தேர்ந்தெடுக்கும்போது, "என்ன மென்பொருள் கற்றுத் தருகிறீர்கள்?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "கையால் வரையும் பயிற்சி உண்டா? அளவு விலகலைக் குறிக்கக் கற்றுத் தருவீர்களா? மாணவர் வரைந்த பாகத்தை அவரே பட்டறையில் செய்து பார்க்க வாய்ப்பு உண்டா? அவருடைய படத்தை மற்றொருவர் சரிபார்க்கும் வழக்கம் உண்டா?" என்றும் கேளுங்கள். மூன்று மாத வகுப்பு தீயதன்று. ஏற்கெனவே வரைபடம் படிக்கத் தெரிந்தவருக்கு அது விரைவுக் கருவி. தெரியாதவருக்கோ கட்டளைகளின் பட்டியல் மட்டுமே. அடுத்த பதிப்பு வந்ததும் அப்பட்டியலில் பாதி பழசாகிவிடும்.

ஆசிரியர்களும் ஒன்று செய்யலாம். கனச்சதுரத்தைக் கற்பிக்கும் நாளில் பாடநூல் படத்தோடு நிறுத்தாமல், ஒரு தீப்பெட்டியையோ அழிப்பானையோ மேசைமேல் வைத்து, மூன்று பக்கங்களிலிருந்தும் பார்த்து வரையச் சொல்லுங்கள். பிறகு படங்களை மாற்றிக்கொண்டு, ஒருவர் வரைந்ததைக் கொண்டு மற்றொருவர் களிமண்ணில் அப்பொருளைச் செய்யட்டும். பொருள் பிசகினால், படம் தவறா, படித்தது தவறா என்று மாணவர்களே வாதிடட்டும். வரைவுக்கூடத்திற்கும் பட்டறைக்கும் இடையே இரு நூற்றாண்டுகளாக நடந்துவரும் உரையாடல் அதுதான்.

"கண் பார்த்தால் கை செய்யும்" என்பது நம் முன்னோர் வாக்கு. பொறியாளரின் கண் பார்ப்பது இன்னும் உலகில் தோன்றாத பொருளை. வரைபலகை போயிற்று, நீலத்தாள் போயிற்று, ஒளிப்பேனாவும் போயிற்று. இன்றைய மென்பொருளும் ஒரு நாள் போகும். அந்தக் கண்ணைப் பெற்ற பிள்ளை எந்தக் கருவி வந்தாலும் பிழைத்துக்கொள்வான். பெற்றோர் கேட்ட கேள்விக்கு வரலாறு தரும் விடை இதுவே.

அன்புடன்,
உங்களில் ஒருவனாகிய தமிழ்ப்பள்ளி ஆசிரியன்